பெற்றோர் சம்மதம்

2020-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி, திங்கட்கிழமை காலையில், தமிழ்நாட்டின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இதற்குமுன் எந்தத் தலைமுறையும் கண்டிராத ஒரு கூட்டம் நடைபெற்றது. கொரோனாவின் பொருட்டு மார்ச் மாதத்தின் நடுவிலிருந்து ஏறக்குறைய எட்டு மாத காலம் பூட்டிக் கிடந்த பள்ளிகளை நவம்பர் 16-இல் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்குத் திறப்பதென்று அறிவித்திருந்த அரசாங்கம், அவ்வறிவிப்புக்கு ஆட்சேபமும் ஆதரவும் ஒருசேரக் கிளம்பியதைக் கண்டு, அந்த வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரையே வரவழைத்து அபிப்பிராயம் கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தது. நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட வெப்பமானிக்குத் தலையைக் காட்டிவிட்டு, உள்ளங்கையில் ஊற்றிய சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு, முகக்கவசத்தோடு உள்ளே போய் இடைவெளி விட்டு உட்கார்ந்த தாய்மாரும் தகப்பன்மாரும், திறக்கலாமா, திறக்கலாகாதா என்ற கேள்விக்குத் தத்தம் விடையைச் சொல்லிவிட்டு வீடு திரும்பினர். மூன்று நாள் கழித்து, கருத்துகள் மாறுபட்டிருப்பதைக் காரணம் காட்டி, திறப்பு ஒத்திவைக்கப்பட்டது.

2021 ஜனவரி முதல் வாரத்தின் இறுதியில் மறுபடியும் அதே கேள்வி கேட்கப்பட்டது. இம்முறை பெரும்பான்மையோர் இசைந்தனர். பொங்கல் கழிந்து, ஜனவரி 19-ஆம் தேதி 10, 12 வகுப்புகள் தொடங்கின. இடைப்பட்ட இரண்டு மாதங்களில் நிகழ்ந்தவை இரண்டு. நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த புதிய தொற்றுகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. பொதுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இவ்விரண்டில் பெற்றோரின் மனத்தை அதிகம் அசைத்தது எது என்பதைப் பின்னர் பார்ப்போம். அதற்குமுன் விசாரிக்க வேண்டியது, அவர்களிடம் வைக்கப்பட்ட கேள்வி சரியான கேள்விதானா என்பது.

இக்கேள்வி தமிழ்நாட்டு அதிகாரிகளின் தனிக் கற்பனையில் உதித்ததன்று. பள்ளிகளைப் படிப்படியாகத் திறக்கலாம் என்று 2020 செப்டம்பர் 30-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளிலேயே, பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதத்தின் பேரில்தான் மாணவர் பள்ளிக்கு வரலாம் என்றும், வருகையைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் விதிக்கப்பட்டிருந்தது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது பெற்றோரின் உரிமைக்குக் காட்டிய மரியாதை. ஆனால் சம்மதம் என்பது வெறும் கையெழுத்தன்று. அறுவைச் சிகிச்சைக்குமுன் நோயாளியிடம் ஒப்புதல் வாங்கும் வைத்தியர், நோய் இன்னது, சிகிச்சையின் அபாயம் இன்னது, செய்யாவிட்டால் நேரக்கூடியது இன்னது என்று எடுத்துச் சொல்லிய பிறகே கையெழுத்தைக் கேட்கிறார். சொல்லாமல் வாங்கிய கையெழுத்துக்கு நியாயம் தெரிந்தவர்கள் மதிப்புக் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் பெற்றோர் கொடுத்த கடிதத்துக்குப் பின்னால் அத்தகைய விளக்கம் எதுவும் இல்லை. ஜன்னல்கள் எத்தனை, காற்று எப்படி வருகிறது, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பக்கத்துப் பெஞ்சுக் குழந்தையின் வீட்டுக்கு யார் சொல்வார்கள், கழிப்பறையில் தண்ணீர் உண்டா என்ற சமாச்சாரங்களெல்லாம் பள்ளிக்குத்தான் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவரிடம் வாங்கிக்கொண்ட அனுமதி அது. ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதை அந்தக் காகிதம் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது என்று சிலர் அப்போதே கசப்போடு சொன்னார்கள். அக்கசப்பை அநியாயம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

‘நீங்க என்ன சார் சொல்றீங்க, அனுப்பலாமா?’ என்று வகுப்பு ஆசிரியரையே திருப்பிக் கேட்ட பெற்றோர் அந்த மாதங்களில் எங்கும் இருந்தனர். இதை அறியாமை என்றோ கோழைத்தனம் என்றோ கருதுவது பெரும் பிழை. தமக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிந்தவர் என்று தாம் நம்பும் ஒருவரிடம் கேட்பது விவேகத்தின் லட்சணமே. துர்ப்பாக்கியம் என்னவென்றால், ஆசிரியருக்கும் அது தெரியாது. அவரும் வீட்டில் வயோதிகத் தாயை வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியில் மாலைதோறும் வாசிக்கப்படும் மாவட்டவாரிக் கணக்கையே நம்பியிருந்தார். நவம்பர் 2-ஆம் தேதி ஆந்திரத்தில் பள்ளிகள் திறந்தன. சில நாள்களுக்குள் அங்கே இருநூறுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கும் தொற்று உறுதியானதாகப் பத்திரிகைகள் எழுதின. பள்ளிக்கு வந்த சுமார் நான்கு இலட்சம் மாணவர்களில் இது சொற்பம் என்று அங்குள்ள அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். அது கணித ரீதியாகச் சரியே. ஆயினும் நம் ஊர்ப் பெற்றோரின் காதில் விழுந்தது முதற் செய்திதான். நான்கு நாள் கழித்து அவர்கள் கூட்டத்துக்குப் போனபோது அச்செய்தியையே மடியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

இனி, அவர்கள் அஞ்சியது எதற்கு? கொரோனா சிறு பிள்ளைகளைப் பெரும்பாலும் லேசாகவே தொட்டுவிட்டுப் போகிறது என்பது 2020-இன் நடுவிலேயே உலகெங்கும் தெளிவாகிவிட்டது. வயது ஏற ஏற அபாயமும் செங்குத்தாக ஏறிற்று. எனவே பிள்ளையின் பொருட்டு அஞ்சியவர்கள் தேவைக்கு மிஞ்சி அஞ்சினார்கள் என்று புள்ளிவிவரக்காரர் சொல்லலாம். ஆனால் நம் நாட்டு வீடுகளைச் சற்றே நினைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு பாதியிலேயே நின்றுவிட்டது என்பது விளங்கும். ஒரே அறையில், ஒரே மின்விசிறியின் கீழ், சர்க்கரை வியாதிக்கு இருபது வருஷமாக மாத்திரை சாப்பிடும் பாட்டியும், பேத்தியும், பேத்தியின் தாயும் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில், பேத்திக்கு வரும் லேசான சளி அவளோடு நிற்பதில்லை. பள்ளிக்கு அனுப்புவதா என்ற கேள்வி அவ்வீட்டில் பாட்டியை என்ன செய்வது என்ற கேள்வியாகவே எழுந்தது. அதற்கு விடை சொல்லக்கூடிய சாஸ்திரம் எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனால் கேட்டிருந்தால் சொல்லக்கூடிய தகவல் அந்தத் தாயிடம் இருந்தது. வீட்டில் அறுபது கடந்தவர் எத்தனை பேர், தனியே படுக்க இடமுண்டா, பிள்ளை பள்ளிக்கு வருவது நடந்தா நெரிசலான பேருந்திலா, பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், வீட்டில் செல்போன் எத்தனை என்று கேட்டிருந்தால், நாடெங்கும் பெற்றோர் தந்திருக்கக்கூடிய விடைகளைக் கொண்டு எந்தப் பள்ளியை எப்போது, எந்த முறையில் திறக்கலாம் என்று ஒரு திட்டமே வகுத்திருக்கலாம். பெற்றோருக்கு வீடு தெரியும், நோய் தெரியாது. நோயைப் பற்றிக் கேட்டார்கள், வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தக் கூட்டங்களைப் பற்றி எனக்குள்ள மனக்குறை முழுவதும் இதுவே.

வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்துவிடவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். தனி அறையும், மடிக்கணினியும், அறுபடாத இணையமும், அருகே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கக்கூடிய படித்த தாயும் உள்ள பிள்ளை பள்ளிக்குப் போகாமலிருப்பது ஓர் அசௌகரியம் மட்டுமே. இருக்கிற ஒரே செல்போன் காலை எட்டு மணிக்குத் தகப்பனாரின் சட்டைப் பையில் ஏறிக் கட்டட வேலைக்குப் போய்விட்டு, வாட்ஸ்அப்பில் ஆசிரியர் அனுப்பிய கணக்குகளோடு இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும் வீட்டில் நிலைமை வேறு. அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு என்றால் அந்தப் போனும் அவனுக்கே; தங்கை கல்வித் தொலைக்காட்சியைப் பார்க்கலாம், மின்சாரம் இருந்தால். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் உலர் உணவாகக் கொடுக்கப்பட்டது உண்மை. அது குடும்பத்துப் பானையில் விழுந்து எல்லோருக்குமாகப் பங்கிடப்பட்டது என்பதும் உண்மை. தனியார் பள்ளிகளின் கதை இன்னொரு விதம். கட்டணத்தில் 40 சதவீதத்தை முதலிலும், 35 சதவீதத்தைப் பள்ளிகள் திறந்த பின்னும் வசூலித்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2020 ஜூலையில் அனுமதித்ததிலிருந்து, கதவு திறப்பதும் கல்லாப்பெட்டி திறப்பதும் ஒன்றாகிவிட்டன. வருமானம் அற்றுப்போன நடுத்தரக் குடும்பங்கள் பல பிள்ளைகளை அரசுப் பள்ளிகளுக்கு மாற்றின. ஆசெர் என்னும் வருடாந்தரக் கிராமப்புற ஆய்வின்படி, இந்தியா முழுவதிலும் அரசுப் பள்ளிகளில் சேர்ந்திருந்த 6 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளின் விகிதம் 2018-இல் 65.6 சதவீதமாக இருந்தது, 2022-இல் 72.9 சதவீதமாக உயர்ந்தது. பெற்றோர் எடுத்த தீர்மானங்களில் எவரும் படிவம் கொடுத்துக் கேட்காத தீர்மானம் இது. மிகப் பெரியதும் இதுவாகவே இருக்கலாம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இதே இக்கட்டு ஒரு பெருநகரத்துக்கு நேர்ந்தபோது அது வேறுவிதமாகத் தீர்க்கப்பட்டது. 1918 இலையுதிர்காலத்தில் இன்ஃப்ளுயென்சா அமெரிக்க நகரங்களைச் சூறையாடியபோது, அநேகமாக எல்லா நகரங்களும் பள்ளிகளை மூடின. நியூயார்க்கும் சிக்காகோவும் மூடவில்லை. நியூயார்க் சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்டும், குழந்தை நலப் பிரிவின் தலைவியான டாக்டர் ஜோசஃபின் பேக்கரும் சொன்ன காரணம் கேட்டவரைத் திடுக்கிட வைக்கக்கூடியது. நகரத்தின் சுமார் பத்து இலட்சம் பள்ளிப் பிள்ளைகளில் ஏழரை இலட்சம் பேர் காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். அவர்களை அங்கே அடைத்து வைப்பதைவிட, சுத்தமான, காற்றோட்டமுள்ள வகுப்பறையில் ஆசிரியரின் கண்முன் நாள்தோறும் சோதித்துப் பார்ப்பதே நன்று என்பது அவர்கள் வாதம். நோய்க்குறி கண்ட பிள்ளையைத் தனியே பிரித்து, வீட்டுக்கு அனுப்பி, வீட்டில் வசதியில்லையென்றால் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. மருத்துவர்களிலேயே பலர் எதிர்த்தார்கள். சிக்காகோவில் பள்ளி திறந்திருந்தும் அச்சத்தால் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்ட பெற்றோர் ஏராளம்.

கோப்லண்டின் தீர்மானம் சரியா என்பது பற்றிச் சரித்திர ஆசிரியர்களிடையே இன்னமும் வாதம் உண்டு. என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அந்த நகரத்தின் பள்ளிகளில் மருத்துவச் சோதனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது; 1902-இல் லீனா ராஜர்ஸ் என்ற தாதி முதன்முதலாகப் பள்ளித் தாதியாக நியமிக்கப்பட்டு, அவருடைய வேலையின் பலனைக் கண்டு விரைவிலேயே மேலும் பல தாதிகள் அமர்த்தப்பட்டனர். ஆக, பதினாறு ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கண்ணையும் தொண்டையையும் தலையையும் பார்த்துப் பழகிய ஓர் ஏற்பாடு கையில் இருந்தபடியால்தான், ‘அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் தைரியம் அங்கே ஓர் அதிகாரிக்கு வந்தது. நம்மிடம் இருந்தது நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானியும், மாணவர்களுக்கு வழங்குவதாக அறிவிக்கப்பட்ட வைட்டமின், துத்தநாக மாத்திரைகளும். சொல்லும் தைரியம் இல்லாத இடத்தில் கேட்கும் பணிவு தோன்றுவது இயல்பே.

திறந்த வரிசையைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். விஷயத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் முதன்முதலாகப் பள்ளிகளைத் திரும்பத் திறந்த டென்மார்க், 2020 ஏப்ரல் 15-இல், சிறு குழந்தைகளின் காப்பகங்களையும் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள கீழ் வகுப்புகளையும்தான் முதலில் திறந்தது. சின்னஞ்சிறுசுகளுக்கு நோயின் அபாயம் குறைவு. வீட்டிலிருந்து படிக்கும் திறனும் குறைவு. அவர்கள் வீட்டில் இருந்தால் பெற்றோர் வேலைக்குப் போக முடியாது. காரணங்கள் எளியவை. அங்கும் தம் பிள்ளை சோதனைப் பிராணியாகக் கூடாதென்று ஆயிரக்கணக்கான பெற்றோர் குரல் எழுப்பினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அச்சம் நம் தேசத்துக்கு மட்டும் உரிய சொத்தன்று. இந்தியாவிலும், 2021 ஜூலையில், முதலில் ஆரம்பப் பள்ளிகளைத் திறப்பதே விவேகம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் அப்போது வெளியிட்ட நாடு தழுவிய இரத்தப் பரிசோதனை ஆய்வின்படி, 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதத்தினரின் உடலிலும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதத்தினரின் உடலிலும் கொரோனாவுக்கு எதிரான எதிரணுக்கள் இருந்தன. தடுப்பூசி போடப்படாத இப்பிள்ளைகளுக்கு எதிரணு வரும் மார்க்கம் ஒன்றுதான். பள்ளிகள் பெரும்பாலும் மூடியே கிடந்த காலத்தில், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை நோய் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது.

இருந்தும் தமிழ்நாட்டில் வரிசை தலைகீழாகவே இருந்தது. 2021 ஜனவரியில் 10, 12. பிப்ரவரி 8-இல் 9, 11. மார்ச்சில் மறுபடி மூடல். இரண்டாம் அலை ஓய்ந்த பின் செப்டம்பர் 1-இல் 9 முதல் 12 வரை. நவம்பர் 1-இல்தான் 1 முதல் 8 வரை. இவ்வரிசையை வகுத்தது நோயன்று, பரீட்சை. பொதுத்தேர்வு உள்ள வகுப்பே நம் சமூகத்தின் கண்ணுக்குப் பள்ளிக்கூடம். மற்றவையெல்லாம் அதற்குப் போகும் வழி. ஜனவரியில் சம்மதித்த பெற்றோரின் மனத்தைத் தொற்றுக் கணக்கின் இறக்கத்தைவிடப் பரீட்சையின் நெருக்கமே அதிகம் அசைத்தது என்று நான் கருதுவது இதனால்தான். 2020 ஜூன் 9-ஆம் தேதி பத்தாம் வகுப்புக்கு ‘ஆல் பாஸ்’ அறிவிக்கப்பட்டபோது ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் விட்ட பெருமூச்சையும், மதிப்பெண்ணைக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து கணக்கிடுவார்கள் என்றவுடன் அதே வீடுகளில் பலவற்றில் எழுந்த புலம்பலையும் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. அந்த வருஷத்துப் பாடம் பெற்றோர் நெஞ்சில் ஆழப் பதிந்தது: பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு நாளை எதைக் கொண்டு மார்க் போடுவார்கள்?

இதனால் நேர்ந்தது என்ன? 2020 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தை, பள்ளிக்கூடத்தை முதன்முதலாகக் கண்ணால் கண்டது 2021 நவம்பரில், இரண்டாம் வகுப்பு மாணவனாக. அ, ஆ எழுதப் பழக வேண்டிய ஒன்றரை வருஷம் அவன் கணக்கில் வரவே இல்லை. அதே குழந்தைகள் மூன்றாம் வகுப்பில் இருந்த 2022-இல் ஆசெர் ஆய்வாளர்கள் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் வாசித்தவர்கள் நூற்றுக்கு 4.8 பேர். 2018-இல் இவ்வெண் 10.2, அதுவே பெருமைப்படக்கூடியதல்ல, அதிலும் பாதிக்கு மேல் கரைந்துபோயிற்று. அபிப்பிராயம் கேட்கும் கூட்டங்களுக்கு அழைக்கப்பட்டவர்கள் பெரிய பிள்ளைகளின் பெற்றோர். இச்சிறுவர்களின் தாய்தகப்பனை எவரும் எதற்கும் அழைக்கவில்லை.

அழைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில், ழான் திரேஸ், ரீதிகா கேரா முதலிய பொருளாதார அறிஞர்களின் துணையோடு, தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், ஏழைகள் வாழும் குடியிருப்புகளிலும் சேரிகளிலும், சுமார் 1,400 குழந்தைகளின் குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. கிராமப்புறத்தில் ஒழுங்காக இணையவழியில் படித்துவந்த பிள்ளைகள் நூற்றுக்கு 8 பேர். படிப்பையே விட்டிருந்தவர்கள் 37 பேர். பள்ளியை விரைவில் திறக்க வேண்டும் என்ற பெற்றோர் கிராமங்களில் 97 சதவீதம், நகரங்களில் 90 சதவீதம். பத்திரிகைப் பத்திகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அந்நாள்களில் ஒலித்த ஜாக்கிரதையின் குரலுக்கும் இவ்வெண்களுக்கும் உள்ள தூரத்தை என்னென்பது! ஏழைப் பெற்றோருக்குத் தம் பிள்ளைகளிடம் அன்பு குறைவா, நோயிடம் அச்சம் குறைவா? இரண்டாம் அலையில் ஆம்புலன்ஸ் வரிசைகளையும் சுடுகாட்டு வரிசைகளையும் கண்டு மூன்று மாதம்கூட ஆகாத சமயம் அது. மூடிய பள்ளிக்கு என்ன விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அவர்கள் தினமும் கண்ணெதிரே பார்த்தார்கள்: எழுத்தை மறந்த மகன், ஆட்டுக்குப் பின்னால் போகும் மகள், வேலைக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்கும் உறவினர். விலையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கே மூடி வைத்திருக்கச் சொல்வது எளிதாக இருந்தது.

எனினும் நவம்பர் 9-இல் வேண்டாம் என்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் துணியேன். அடுத்த ஏப்ரலில் என்ன வந்தது என்பதை நாம் அறிவோம். பிப்ரவரியில் வகுப்பறைக்குத் திரும்பிய பிள்ளைகள் மார்ச் 22-ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மே மாதத்தில் மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் அலைந்த குடும்பங்களில், ‘நல்லவேளை அனுப்பவில்லை’ என்று ஒரு தாய் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தால் அதை மறுக்க யாருக்கு வாய் வரும்? அவள் பயந்த காரணம் சரியோ தவறோ, பயந்த பொருள் நிஜம். அந்த ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை நடத்துவதா ரத்து செய்வதா என்பதற்கும் பெற்றோர், ஆசிரியர், மாணவர் எல்லோரிடமும் கருத்துக் கேட்கப்பட்டு, 5-ஆம் தேதி ரத்து என்று அறிவிக்கப்பட்டது. கேட்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

அவ்வழக்கம் முடிந்த விதமும் சொல்லத்தக்கது. ஒமைக்ரான் அலைக்காக ஜனவரியில் மூடப்பட்ட பள்ளிகள் 2022 பிப்ரவரி 1-ஆம் தேதி 1 முதல் 12 வரை எல்லா வகுப்புகளுக்கும் ஒரே நாளில் திறந்தன. அந்த வாரத்திலேயே, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவுசெய்துகொள்ளலாம் என்று மத்திய கல்வி அமைச்சகம் தெரிவித்தது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் நாள்தோறும் பதிவான தொற்று, 2020 நவம்பரில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்ட நாளில் இருந்ததைப் போலப் பல மடங்கு. ஆயினும் இடையே பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது, நோயும் வீரியம் தணிந்த வடிவில் வந்தது, பாட்டியைப் பற்றிய கவலை முன்போல் இல்லை. பெற்றோர் மறுபேச்சின்றிப் பைகளைத் தூசு தட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். மழலையர் பள்ளிகளையும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளையும் திறக்க மட்டும் பிப்ரவரி 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லோரிலும் சிறியவர்களுக்கு முறை அப்போதும் கடைசியில்தான் வந்தது.